மீன் கரை சேர்ந்த பிறகு

ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' 1952இல் வெளிவந்தது. அதில் கிழவன் சாந்தியாகோவின் குடிசைச் சுவரைப் பற்றி ஓரிரு வரிகள் உண்டு. ஒரு காலத்தில் அந்தச் சுவரில் அவன் மனைவியின் வண்ணம் தீட்டிய புகைப்படம் தொங்கியது. பார்க்கும்போதெல்லாம் தனிமை வாட்டுகிறது என்று அவன் அதைக் கழற்றி, மூலைத் தட்டில், சலவைச் சட்டைக்கு அடியில் வைத்துவிட்டான். அவள் விட்டுப்போன இரண்டு சாமி படங்கள் மட்டும் சுவரில் மிச்சம். அவள் பெயரை நாவல் சொல்லவில்லை. என்ன வேலை செய்தாள், எப்படி இறந்தாள் என்பதும் இல்லை. கதை நடக்கும் நாட்களில் வாய் திறந்து பேசும் பெண் ஒருத்திதான். கடைசிப் பக்கத்தில் வரும் சுற்றுலாப் பயணி அவள். கிழவன் பிடித்துச் சுறாக்கள் தின்றுவிட்ட மீனின் எலும்புக்கூடு கரையில் கிடக்க, அதைச் சுறாவினுடையது என்று தப்பாகப் புரிந்துகொண்டு, வாலின் அழகை மெச்சிவிட்டுப் போகிறாள்.

பொன்னேரி வட்டாரத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ஆண்டுகளில் இந்த நாவலைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். வீரம், தோல்வி, மனித மாண்பு என்று குறிப்பு கொடுப்பது வழக்கம். ஒருமுறை லைட்ஹவுஸ் குப்பத்து மாணவி எழுந்து, "சுறா தின்னாம மீனு முழுசா வந்திருந்தா யாரு மிஸ் வித்திருப்பாங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாவலில் கிழவன் கணக்குப் போடத்தான் செய்கிறான். எடை 1500 பவுண்டுக்கு மேல். கழிவு போக மூன்றில் இரண்டு பங்கு தேறும். பவுண்டு முப்பது சென்ட். ஆனால் அவள் பிறந்த கரையில் அந்தக் கணக்கை ஆண் போடமாட்டான். கட்டுமரம் கரை தட்டியதும் அவன் கணக்கு முடிந்துவிடும். விலை அம்மாவின் வேலை.

லைட்ஹவுஸ் குப்பம் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையிலான மணல் திட்டில் இருக்கிறது. கலங்கரை விளக்கம் நிற்பதால் அந்தப் பெயர். இன்று பாலம் இருக்கிறது; ஷேர் ஆட்டோ வீட்டு வாசல் வரை வருகிறது. பாலம் வருவதற்கு முன்பு மீன் கூடையோ, பிரசவ வலி கண்ட பெண்ணோ, கல்லூரிக்குப் போகும் பிள்ளையோ, எல்லோரும் படகில்தான் ஏரியைக் கடந்து பழவேற்காடு சேர வேண்டும்.

அன்றைய கரையின் ஒழுங்கு எளியது. விடியலுக்கு முன் கட்டுமரம் கடலில் இறங்கும். வெயில் ஏறும் நேரத்தில் திரும்பும். பெண்கள் ஈரமணலில் காத்திருப்பார்கள். பிடிபட்டதை ஆண் மணலில் கொட்டியதும் அது அவள் பொறுப்பாகிவிடும். வஞ்சிரமும் பாறையும் தனி, நெத்திலியும் காரப்பொடியும் தனி என்று அவள் பிரிப்பாள். விற்கிறதை விற்பாள், விற்காததை உப்புப் போட்டு மணலில் உலர்த்துவாள். தலையில் கூடை, இடுப்பில் சுருக்குப்பை. காசு அந்தப் பையில்தான் இருக்கும். புருஷன் பீடிக்கும் சாராயத்துக்கும் அவளிடம்தான் கை நீட்ட வேண்டும். அதனால் அடி விழாமல் இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பை அவள் இடுப்பில் இருந்ததால் அடி விழுந்த வீடுகளும் உண்டு. ஆனாலும் கடலிலிருந்து வந்த பொருளுக்கு விலை வைக்கும் கை அவளுடையதாக இருந்தது.

ஹெமிங்வேக்கு ஒரு நூற்றாண்டு முந்தி அமெரிக்காவின் வடகிழக்குக் கரையும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. நான்டக்கெட் தீவின் ஆண்கள் திமிங்கில வேட்டைக்குப் போனால் திரும்ப மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் தீவைப் பெண்கள் நடத்தினார்கள். கடைகள் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்த ஒரு தெருவுக்கு 'உள்பாவாடை வரிசை' என்றே ஊரார் பெயர் வைத்திருந்தார்கள். 1793இல் அந்தத் தீவில் பிறந்த லுக்ரீஷியா மாட்டின் தாய், கணவர் கடலில் இருந்தபோது கடை நடத்தியவர். அந்த மகள்தான் 1848இல் செனகா ஃபால்ஸில் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டியவர்களில் ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டு, அதே தீவின் மரியா மிட்செல் தொலைநோக்கியில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார்.

மாநாட்டுக்கு மூன்று ஆண்டு கழித்து, 1851இல், நான்டக்கெட்டிலிருந்து புறப்படும் கப்பலை வைத்து ஹெர்மன் மெல்வில் 'மோபி டிக்' எழுதினார். கப்பலில் பெண் கிடையாது; அது சரிதான். கரையிலாவது இருக்க வேண்டுமே. சத்திரம் நடத்தும் ஒருத்தி வருகிறாள். கப்பலுக்கு ஊறுகாய் சுமந்து வரும் ஒரு கிழவி வருகிறாள். பலகாரம், ஊறுகாய், உபசாரம் என்று அவர்கள் பங்கு முடிகிறது. மாலுமிகளின் தேவாலயத்தில், கடலில் தொலைந்தவர்களின் பெயர்க் கற்களுக்கு எதிரே, மனைவிமார் தனித்தனியே மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கேப்டன் ஆஹாபுக்கு இளம் மனைவி உண்டு. கலியாணத்துக்கு மறுநாளே கப்பல் ஏறிவிட்டதாக அவனே சொல்கிறான். அவளுக்கும் பெயர் இல்லை. இத்தனைக்கும் நாவலை எழுதும்போது மெல்வில் நான்டக்கெட்டைப் பார்த்தது கிடையாது. மறு ஆண்டுதான் முதன்முதலாக அங்கே போனார்.

அந்தப் பயணத்தில் ஒரு சங்கதி அவர் காதுக்கு எட்டியது. கரையொதுங்கிய மாலுமி ஒருவனை மணந்த அகதா என்ற பெண், அவன் வேலை தேடிப் போனபின் 17 ஆண்டு தகவலே இல்லாமல் காத்திருந்த கதை. வழக்கறிஞர் ஒருவர் சொன்னது, நடந்த கதை. மெல்வில் அதைத் தன் நண்பர் ஹாத்தார்னுக்குக் கடிதமாக எழுதினார். நீங்கள்தான் இதை எழுதத் தக்கவர் என்றார். கடிதத்திலேயே அவர் கதைக்குக் கண்ணும் மூக்கும் வைக்கத் தொடங்கிவிட்டார். அகதாவின் தந்தை கலங்கரை விளக்கத்தைப் பராமரிப்பவர். வழியோரம் நட்ட கம்பத்தில் ஒரு தபால் பெட்டி. அவள் நாள்தோறும் அங்கே போய்ப் பார்க்கிறாள். கடிதம் வரவில்லை. ஆண்டுகள் போகப் போக அந்தக் கம்பம் உளுத்துச் சாய்கிறது. ஹாத்தார்ன் எழுதவில்லை. மெல்விலே 1853இல் ஒரு நாவல் எழுதிப் பதிப்பாளரிடம் கொண்டுபோனார், அது அச்சாகவில்லை. அகதாவின் கதைதான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கையெழுத்துப்படி இன்றுவரை கிடைக்கவில்லை. திமிங்கிலத்தைத் துரத்திய ஆணின் கதை உலகமெங்கும் பாடப்புத்தகம் ஆயிற்று. கலங்கரை விளக்கத்தடியில் காத்திருந்த பெண்ணின் கதை தொலைந்துபோயிற்று. இந்தத் தகவலை நான் வகுப்பில் ஒருபோதும் சொல்லாமல் விட்டதில்லை, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

ஹாத்தார்ன் எழுதிய பெண் வேறு வகை. 1850இன் 'ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் ஹெஸ்டர் பிரின் மணவாழ்வுக்கு வெளியே குழந்தை பெற்றதற்காக மார்பில் சிவப்பு எழுத்தைச் சுமக்கிறாள். ஊருக்கு வெளியே, கடலோரக் குடிசையில் குடியிருக்கிறாள். ஊசியும் நூலும் அவள் பிழைப்பு. ஆளுநரின் கழுத்துப் பட்டிக்கு அவள் பூவேலை வேண்டும். பிணத்துக்குப் போர்த்தும் துணிக்கும் வேண்டும். கலியாணப் பெண்ணின் முக்காட்டுக்கு மட்டும் ஆகாது. ஊர் ஒரு பெண்ணை ஒதுக்கிவைத்தும் அவள் உழைப்பை ஒதுக்காமல் இருக்கும் விதத்தை இவ்வளவு துல்லியமாக எழுதிய அதே மனிதர்தான், 1855இல் தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், கிறுக்கித் தள்ளும் பெண் எழுத்தாளர் கும்பலால் தன் புத்தகத்துக்குச் சந்தை இல்லை என்று வசைபாடினார்.

நம் பக்கம் வந்தால், மீனவப் பெண்ணை உலகம் அறியச் செய்தது தகழியின் 'செம்மீன்'. 1956இல் வந்த நாவல். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் ஊன்றிவிட்டது. 1965இல் படமாகிக் குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கம் பெற்றது. கரையில் இருக்கும் மனைவி கற்போடு இருந்தால் கடலில் இருக்கும் கணவன் பத்திரமாகத் திரும்புவான், அவள் வழி தவறினால் கடலம்மை அவனைக் கொண்டுபோவாள் என்ற நம்பிக்கையின் மேல் எழும்பிய கதை அது. கடைசியில் கணவன் பழனி சுறாவோடு போகிறான். மனைவி கறுத்தம்மாவும் அவள் காதலன் பரீக்குட்டியும் பிணமாகக் கரை ஒதுங்குகிறார்கள். படித்தவர்கள் காதலுக்காக அழுதார்கள். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் காற்று, நீரோட்டம், மரத்தின் வயது, தூண்டில் கயிற்றின் வலு என்று கடலில் ஆயிரம் காரணம் இருக்க, ஓர் ஆணின் சாவுக்குக் கரையில் உள்ள பெண்ணைப் பொறுப்பாக்கும் கதை அது. அதே நாவலில் கறுத்தம்மாவின் தாய் சக்கி கூடை தூக்கி மீன் விற்கிறாள். கணவன் தோணி வாங்கச் சேர்த்த காசில் அவள் வியர்வையும் உண்டு. அவளுக்காக அழுதவர் குறைவு.

கணவன் திரும்பாததற்கு அன்றைய கதையில் அவள் காரணம். இன்று அவன் திரும்பவில்லை என்பதையே அவள் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டு தகவல் இல்லாத பிறகே ஒருவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். அதுவரை இறப்புச் சான்று கிடைப்பது பெரும்பாடு. சான்று இல்லாவிட்டால் காப்பீடும் இல்லை, விதவை உதவித்தொகையும் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் கன்னியாகுமரிக் கரையின் ஆண்கள் நூற்றுக்கணக்கில் காணாமற்போனபோது அந்த ஏழாண்டு நிபந்தனை தளர்ந்தது. காணாமற்போனவர் குடும்பங்களுக்கு 20 இலட்ச ரூபாய் வழங்கப்பட்டது. ஒன்றிரண்டு பேராகத் தொலைபவர்களின் மனைவிமாருக்கு அந்தச் சலுகை தானாக வந்து சேர்வதில்லை. அகதாவின் தபால் பெட்டிக்கு நேராக இன்று தாலுக்கா அலுவலகத்தின் மனுப் பெட்டியைச் சொல்லலாம்.

தமிழில் 1970களின் பிற்பகுதியில் காற்று சற்று மாறியது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. கைவிடப்பட்ட நாயகி பிலோமியை அவர் கடலில் தள்ளவில்லை, ஊரை விட்டும் துரத்தவில்லை. அவள் யாரையும் சபிக்காமல் வாழ்கிறாள். மறு ஆண்டு ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்'. எதைப் பற்றி எழுதினாலும் அந்த மக்களிடம் நேரே போய்க் கேட்டு எழுதியவர் அவர். பெண் ஒருத்தி நோட்டுப் புத்தகத்தோடு மீனவப் பெண்களிடம் போய் உட்கார்ந்தது, கதையில் என்ன மாறியது என்பதற்கு முன்பே, ஒரு மாற்றம். 2004இல் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' வந்தபோது கரையில் பிறந்தவரே கரையை எழுதத் தொடங்கிவிட்டார். அமெரிக்காவிலும் கணக்குகள் திருத்தப்பட்டன. கேட் சோப்பினின் 'அவேக்கனிங்' 1899இல் வந்து திட்டு வாங்கிக் காணாமற்போனது. நீந்தக் கற்றுக்கொண்ட ஒரு மனைவி, கணவனையும் பிள்ளைகளையும் விட்டுத் தன்னந்தனியாகக் கடலுக்குள் நடந்துபோகும் கதை. 1969இல் நார்வே நாட்டு ஆய்வாளர் ஒருவர் அவருடைய படைப்புகளை முழுமையாகப் பதிப்பித்த பிறகுதான் அது கல்லூரிகளுக்குள் வந்தது. 1999இல் சேனா ஜெட்டர் நாஸ்லண்ட் ஆஹாபின் மனைவியையே கதாநாயகியாக்கிப் பெரிய நாவல் எழுதினார். பெயரில்லாதவளுக்குப் பெயர் கிடைக்க 148 ஆண்டு.

ஆக, புத்தகத்தில் பெண் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தாள். கரையில் நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு.

முதலில் வலை போயிற்று. பருத்தி நூலிலும் சணலிலும் வலை பின்னிய காலத்தில் கன்னியாகுமரிப் பக்கம் பெண்களின் விரல்களுக்கு வருமானம் இருந்தது. நைலான் வந்தது, பிறகு வலை பின்னும் இயந்திரம் வந்தது, 1970, 80களில் அந்த வருமானம் கரைந்தது. அடுத்துக் கட்டுமரம் போயிற்று. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் இன்று வரிசையாக நிற்பவை அவைதான். படகு பெரிதானால் செலவு பெரிது. டீசலுக்கும் ஐஸுக்கும் முன்பணம் கொடுக்க வியாபாரி வேண்டும். முன்பணம் கொடுத்தவனுக்கே மீன். இறாலும் நண்டும் ஏற்றுமதிக்குப் போகும் சரக்கானபின் அவற்றுக்கு எடை போடுபவரும் விலை சொல்பவரும் ஆண்களே. ஏலக் குரலும் ஆண் குரல். அன்று கணவன் கையிலிருந்து நேராக வாங்கிய மீனை இன்று பல பெண்கள் ஏலத்தில் போட்டியிட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு முதல் வேண்டும். காலையில் வாங்கிய தண்டல் பணத்தைச் சாயங்காலம் திருப்ப வேண்டும்.

கூடை மாறியதையும் சொல்ல வேண்டும். பனையோலைக் கூடைக்குப் பதில் அலுமினிய அன்னக்கூடை வந்தது, இப்போது தெர்மோகோல் பெட்டி. ஓலைக் கூடையில் தண்ணீர் வடிந்து தோளெல்லாம் நனையும். பெட்டியில் ஐஸ் நிற்கிறது, மீன் கெடுவதில்லை. இது லாபக் கணக்கு. கழுத்து வலி குறைந்ததும் லாபக் கணக்குதான். இதையெல்லாம் மறந்துவிட்டுப் பழங்காலத்தை மெச்சுவது, கூடை தூக்காதவர்கள் செய்யும் வேலை.

நற்றிணையின் 45ஆம் பாட்டில், தேரில் வந்த பெருங்குடி இளைஞனைத் தோழி தடுத்து நிறுத்துகிறாள். நாங்கள் சுறாவின் ஊனை உணக்கிப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில் என்று பொருள்படச் சொல்கிறாள். அந்த நாற்றத்தை அவள் குறையாகச் சொல்லவில்லை. சொல்லும் தொனியில் மிடுக்கு இருக்கிறது. எங்கள் வாழ்வு சிறியதானாலும் நல்லது என்கிறாள். அதைவிட்டு 2021க்கு வருவோம். அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்று உத்தரவிட்டது. மீன் விற்கும் பெண்களுக்கு அது நேரடியான வருமான உயர்வு. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய வயதான பெண்ணை நாற்றம் அடிப்பதாகச் சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று குரலெடுத்து நியாயம் கேட்டது காணொளியாகப் பரவியது. முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். பழவேற்காட்டுப் பெண்களிடம் இதைப் பேசியபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அறுபதைத் தாண்டிய ஓர் ஆயா மட்டும், "அன்னிக்கெல்லாம் லக்கேஜ் காசும் வாங்கிக்கினு கடைசி சீட்டாண்ட நிக்க வெப்பான் டீச்சர். இப்ப காசு வாங்கறது இல்ல. மொகத்தச் சுளிக்கறது அப்படியேதான் கீது" என்றார்.

ஊருக்குள் வந்தால் இன்னொரு கணக்கு. பட்டினவர் குப்பங்களில் ஊர் என்பது தலைக்கட்டுகளின் தொகுப்பு. கலியாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வரி கொடுப்பவன் அவன், ஊர்க்கூட்டத்தில் உட்காருபவன் அவன், கோயில் திருவிழாவிலும் பொதுப் பங்கிலும் உரிமை உள்ளவன் அவன். பழவேற்காடு ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரிக்கும் பாடு வழக்கமும் இந்த ஆண்களின் பட்டியலை ஒட்டியதே. சண்டையில்லாமல் ஏரியைப் பங்கிட மனிதர்கள் கண்ட நல்ல ஏற்பாடுகளில் ஒன்று என்று ஆய்வாளர்கள் அதைப் பாராட்டுகிறார்கள், நியாயம்தான். அந்தப் பட்டியலில் பெண் இல்லை. கணவன் செத்தால் அவன் வீடு பல ஊர்களில் முழுத் தலைக்கட்டாக எண்ணப்படுவதில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிவாரணப் பொருள்கள் இந்தப் பட்டியலின்படி பிரிக்கப்பட்டபோது, கரையோரத்தின் பல ஊர்களில் விதவைகளும் தனித்து வாழ்ந்த பெண்களும் விடுபட்டார்கள். இழந்த படகுக்கும் வலைக்கும் கணக்கு எடுத்தவர்கள், அலையோடு போன கருவாட்டுக் குவியலையும் கூடையையும் எடைத்தட்டையும் முதலில் சொத்தாகவே எண்ணவில்லை.

அதே சுனாமி வேறொன்றையும் செய்தது. நிரந்தர வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அதுவரை குப்பத்தில் மணல் யாருக்கும் சொந்தமில்லை, குடிசை ஆணுக்குச் சொந்தம். பத்திரத்தில் முதன்முதலாகப் பெண்ணின் பெயர் ஏறியது அப்போதுதான். மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்தில் ஒரு பெண் 1500 ரூபாய் கட்டினால், அரசுத் தரப்பில் 3000 சேர்த்து 4500 ஆகத் திரும்பக் கிடைக்கிறது. பாஸ்புக் அவள் பெயரில் இருக்கிறது. உள்ளாட்சியில் 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்கள் இடஒதுக்கீடு, 2016 சட்டத்திருத்தத்துக்குப் பின் பாதியாயிற்று. ஆக ஊரில் இப்போது இரண்டு பஞ்சாயத்துகள். ஒன்று அரசு கெசட்டில் இருப்பது. அதில் பெண் தலைவராகலாம். மற்றொன்று கோயில் வாசலில் கூடுவது. அங்கே பெண்ணுக்குச் சங்கதி இருந்தால் அவள் சார்பில் ஆண் பேசுவான். கடலில் எல்லைச் சண்டை வந்தால், முகத்துவாரம் மண்மூடினால், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தால், கூடுவது இரண்டாவதுதான். முடிவு செய்ததும் சாலை மறியலில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் பெண்கள். அந்த முன்வரிசையில் நிற்கக் கூப்பிடும்போது யாரும் தலைக்கட்டுப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

என்னிடம் படித்த குப்பத்துப் பெண்களில் சிலர் இன்று ஆசிரியைகள், செவிலியர். ஒருத்தி வங்கியில் இருக்கிறாள். அவர்களுடைய அம்மாக்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். மகளுக்கு மீன் பிரிக்கத் தெரியவில்லை என்று எந்தத் தாயும் வருந்திக் கேட்டதில்லை. வருந்த வேண்டியது வேறு யாரோ. மடவையின் செவுளைத் தூக்கிப் பார்த்து அது ஏரி மீனா முகத்துவாரத்து மீனா என்று சொல்லும் கண், வாடைக்காற்று நாளில் நெத்திலி விலை எங்கே போகும் என்ற ஊகம், கடனுக்குக் கொடுக்கத்தக்க வீடு எது என்ற ஞாபகம், இவற்றுக்கு வாரிசு இல்லை. எந்தப் பட்டப் படிப்பும் இதை ஈடுசெய்யாது என்றும் சொல்லமாட்டேன், ஈடு செய்கிறது. மாதச் சம்பளம் வருகிறது.

ஹெமிங்வேக்கு முந்திய அமெரிக்க எழுத்தில் எனக்குப் பிடித்த மீனவன் ஒருவன் உண்டு. சாரா ஆர்ன் ஜூவெட் 1896இல் எழுதிய 'கன்ட்ரி ஆஃப் தி பாயின்ட்டட் ஃபர்ஸ்' என்ற நூலில் வரும் எலைஜா டில்லி. மெய்ன் மாநிலக் கரையில் ஒரு சிற்றூர். டில்லியும் சாந்தியாகோவைப் போல மனைவியை இழந்த கிழவன். இவன் படத்தைக் கழற்றி வைக்கவில்லை. மனைவி வைத்திருந்தபடியே வீட்டைத் துடைத்து வைக்கிறான். தனியே உட்கார்ந்து நீல நூலில் காலுறை பின்னுகிறான். வெளியூரிலிருந்து அவன் வாங்கிவந்த தேநீர்க் கோப்பைகளை அவள் ஒன்றுகூட உடைக்காமல் காத்தாள் என்பது வீட்டின் பெருமை. அவள் செத்த பிறகு அலமாரியைத் துழாவும்போது, பின்னால் தள்ளி ஒளித்த காகிதப் பொட்டலத்தில் ஓர் உடைந்த கோப்பை கிடைக்கிறது. தங்களுக்குள் இருந்த ஒரே ரகசியம் அதுவாகத்தான் இருக்கும் என்கிறான். ஓர் உடைந்த கோப்பையைச் சொல்ல முடியாமல் ஒரு மனைவி ஆயுள் முழுவதும் மறைத்தாள் என்பதில் அந்தக் காலத்து இல்லறம் முழுவதும் இருக்கிறது, அன்பும் அச்சமும் பிரிக்க முடியாமல். எழுதியவர் பெண் என்பதால்தான் அலமாரியின் பின்புறம் வரை பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன். இந்த நூல் எங்கள் பாடத்திட்டத்தில் ஒருமுறைகூட வரவில்லை.

தமிழில் நான் படித்த நெய்தல் நாவல்களில் காணாத ஒருத்தியும் இந்த ஏரியில் இருக்கிறாள். தலைக்கட்டு ஆண்களுக்குப் பாடு உண்டு. அவர்கள் மனைவிமாருக்குக் கூடையும் ஏலமும் உண்டு. இருளர் பெண்களுக்கு இவை எதுவும் கிடையாது. அவர்கள் வலையில்லாமல், படகில்லாமல், ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறி, ஓலையால் முடைந்தது. இரண்டு கையும் நீருக்குள் வேலையாக இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாத இறாலை விரல்நுனியால் அறிந்து, அது துள்ளுமுன் பிடித்துப் பறிக்குள் போடுவது ஒரு நொடி வேலை. நண்டு கடிக்கும், கிளிஞ்சல் கிழிக்கும். மணிக்கணக்கில் நீரில் ஊறிய கால் வெளுத்துச் சுருங்கியிருக்கும். கடலில் பெண் இறங்கக்கூடாது என்று பேசும் அதே வட்டாரத்தில், நாள் முழுவதும் நீரிலேயே நிற்கும் மீனவர் இவர்கள். அவர்களை யாரும் மீனவர் என்று சொல்வதில்லை.

முன்பு முகத்துவாரம் திறந்து உப்பும் நன்னீரும் சரியாகக் கலந்த காலத்தில், ஓர் ஓதத்துக்குள் பறி நிறையும் என்கிறார்கள் வயதானவர்கள். இப்போது ஏரி தூர்ந்து முகத்துவாரம் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் பாதிப் பறிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. விலை அன்றைவிடப் பல மடங்கு ஏறியிருக்கிறது. இறாலை வாங்க வியாபாரி கரைக்கே வருகிறார். முன்பு கைத்தராசு கொண்டுவருவார். எடைக்கல்லுக்குப் பதில் கூழாங்கல்லும் இருக்கும். இப்போது மின்தராசு, சிவப்பு எண் பளிச்சென்று தெரிகிறது. அதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பது அவர் கையில் இருக்கிறது.